மெஷினுக்கு ஒரு டோக்கன் போதும், கோச் லேனுக்கு அரை மணி நேரம் எடுங்கள்

பையனுக்கு 11 வயது. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லிட்டில் லீகில், அதாவது சிறுவர் பேஸ்பாலில் ஆடுகிறான். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை தவறாமல், வலைக்குள் நின்று அடித்துப் பழகும் இந்த பேட்டிங் கேஜுக்கு வருகிறோம்.

முதல் சில மாதம் பந்து வீசும் மெஷினில்தான் காசைப் போட்டேன். ஒரு டோக்கனுக்கு 20 பந்து. வலை கிழியாமல் இருக்கிறது, பந்துகள் வழவழத்துப் போகவில்லை, வாடகை ஹெல்மெட்டைத் துடைத்துத்தான் கையில் தருகிறார்கள். ஆனால் இருபது பந்தும் ஒரே இடத்துக்கு வரும்: அடிப்பவன் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பிளேட்டுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில். பையன் இருபதையும் விளாசினான். ஏப்ரலில் மேட்ச் தொடங்கியதும் முதல் மூன்று ஆட்டத்தில் ஏழு ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்). கண்ணுக்கு நேரே வந்ததையும் துரத்தினான், காலடி மண்ணில் குத்தியதையும் துரத்தினான். எந்தப் பந்தை விடுவது என்று அந்த மெஷின் அவனுக்குச் சொல்லித்தரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கடைசியில் இருக்கும், கோச்சே பந்து வீசிச் சொல்லித்தரும் லேனுக்கு மாறினோம். முதல் 15 நிமிடம் கோச் அவனை மட்டையைச் சுழற்றவே விடவில்லை. தயாராக நின்று, காலை எடுத்து வைத்து, பந்து கோச் கையை விட்டு வந்ததும், அடிக்கும் எல்லைக்குள் வந்தால் ‘ஸ்ட்ரைக்’, வெளியே போனால் ‘பால்’ என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். பிறகு 17 அங்குல பிளேட்டை டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தார். நடுவும் உள்பக்கமும் உனக்கு, வெளி ஓரம் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகுதான் என்றார்.

வித்தியாசத்தை வலைக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். வெளியே போகும் பந்தை எட்டி அடிக்கும்போது இடுப்பு அப்படியே நின்றுவிடுகிறது, கை மட்டும் நீள்கிறது. மட்டை நுனியில் பட்டு உள்ளங்கை எரிய, பந்து தரையில் உருண்டு போகும். தன் இடத்துக்கு வந்த பந்து என்றால் பின்னங்கால் குதிகால் எழும்பி, தொப்புள் பந்து வீசும் பிட்சரைப் பார்க்கிறது. சத்தமே வேறு. அதே உடம்பு, அதே மட்டைதான்.

அந்தக் கால பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ், ஸ்ட்ரைக் ஜோனை (ஸ்ட்ரைக் என்று கணக்காகும் எல்லையை) 77 பந்து அளவாகப் பிரித்து, நடுவில் வந்ததை அடித்தால் தன் சராசரி .400 (பத்துக்கு நாலு), வெளிப்பக்கம் கீழ் மூலையில் .230 என்று கணக்குப் போட்டவர். 521 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்த அவருடைய வாழ்நாள் ஆன்-பேஸ் சராசரி, அதாவது அவுட் ஆகாமல் பேஸைச் சேரும் விகிதம், .482. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. என் பையனுக்கு ஹுவான் சோட்டோதான் எல்லாம். 2024-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 41 ஹோம் ரன், 129 வாக் (நாலு ‘பால்’ விட்டு முதல் பேஸுக்குப் போவது). அந்த அக்டோபரில் கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸ், தனக்குப் பிடிக்காததையெல்லாம் தட்டித் தட்டி கோட்டுக்கு வெளியே ஃபவுல் ஆக்கிவிட்டு, ஏழாவது பந்தாக வந்த ஃபாஸ்ட்பாலை வேலிக்கு அப்பால் அனுப்பினார். மூன்று ரன். யாங்கீஸ் 5-2 என்று வென்று இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது. அந்த வீடியோவைக் காட்டி, “அப்பா, அந்த ஆறு பந்தைப் பாருங்க” என்றான் பையன். ஏழாவதை அவன் சொல்லவில்லை. அன்றைக்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மதுரையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை விடுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே விட்டால் கிடைப்பது அடுத்த பந்து மட்டும். இங்கே நாலு ‘பால்’ சேர்ந்தால் முதல் பேஸ் கிடைக்கிறது, மூன்று சேர்ந்தாலே பிட்சர் நடுவில் போட்டாக வேண்டும். ஜூனில் அப்படி மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக்கில் வந்த பந்தைத்தான் பையன் லெஃப்ட் ஃபீல்டு வேலியில் மோத வைத்தான்.

நாலு நட்சத்திரம் தருகிறேன். உரிமையாளருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மெஷினையாவது பந்து இடம் மாறி மாறி விழும்படி வையுங்கள். கோச்சுக்குக் காசு கொடுக்க முடியாத பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வருபவர்கள் சனிக்கிழமை காலை கோச் லேன் வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் போன் செய்துவிடுங்கள், வியாழனுக்குப் பிறகு இடம் கிடைப்பதில்லை.