நான்கு வருட டிரிப் பாசனம்: தண்ணீர் மிச்சம், வேர் சோம்பேறி

"டிரிப், அதாவது சொட்டுநீர்ப் பாசனம், போடலாமா, ஒழுங்காக உழைக்குமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் குழாயிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவான் ஒன்று அடைத்துக்கொண்டதில், பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடி ஒன்று தலை தொங்கிக் கிடந்தது. அதனால் இதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

குழாய், வடிகட்டி சமாச்சாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கு வருடத்தில் எலி இரண்டு இடத்தில் கடித்தது, ஒட்டினேன். வாய்க்காலில் விட்ட காலத்தில் மோட்டார் ஓடிய நேரத்தில் பாதிகூட இப்போது ஓடுவதில்லை. களையும் குறைவு. இதிலெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் புகார் மண்ணுக்கு அடியில். தொங்கிய செடியைச் சுற்றி விரலாலேயே மண்ணைப் பறித்துப் பார்த்தேன். சொட்டு விழும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டு கை குவித்தால் கொள்ளும் அளவுக்கு வேர் பந்தாகப் பின்னிக் கிடந்தது. ஒரு சாண் தள்ளி மண் காய்ந்து வெடித்திருந்தது; அந்தப் பக்கம் நாலைந்து வேர்கள், அதுவும் மொட்டையாக. ஒரு வேர் மட்டும் ஈரக்கட்டி ஒன்றை உரசியபடி போயிருந்தது. கட்டியைத் தொட்ட பக்கத்தில் சீப்புப் பல்லாகப் பக்கவேர்கள். வெடிப்பைப் பார்த்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கோபத்தை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என் பாத்தியில் மட்டும் நடக்கிற கூத்தல்ல. ஒரே வேரின் ஈரம் படும் பக்கத்தில் மட்டும் கிளை விடும் இந்தப் பழக்கத்தை, மக்காச்சோளம், நெல் உட்படச் சில செடிகளில், 2014இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். காற்றிடைவெளியைக் கடக்கும்போது வேர் கிளை விடுவதையே நிறுத்திக்கொள்கிறது, மறுபடி ஈரத்தைத் தொட்டதும் தொடங்குகிறது என்பது 2022இல் வந்த ஆய்வு. நுனி ஈரத்தை நோக்கி வளைவதோ இன்னும் பழைய சேதி. ஜெர்மன் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் 1872இலேயே ஈர மரத்தூள் நிரப்பிய சல்லடையைச் சாய்த்துத் தொங்கவிட்டுக் காட்டினார்: கீழே எட்டிப் பார்த்த வேர்கள், நேராக இறங்காமல் சல்லடைப் பக்கமே திரும்பிக்கொண்டன.

ஆக, தலைப்பில் சோம்பேறி என்று எழுதியது அநியாயம். கிடைத்த இடத்தில் முதலீடு செய்கிற கணக்குப்பிள்ளை அது. தினமும் கொஞ்ச நேரம் சொட்டவிட்டு ஒரே இடத்தை நனைத்தது நான். தலைப்பை மாற்றப்போவதில்லை.

எரிச்சலைக் கிளப்பியது பக்கத்தில் நின்ற முள்ளுக்கீரை. சொட்டுவானுக்கு எட்டாத காய்ந்த இடத்தில் தானாக முளைத்தது. தக்காளி சுருண்ட அதே மத்தியானத்தில் இலை விறைப்பாக நின்றது. இழுத்தால் வரவில்லை, கடப்பாரை போட்டுத் தோண்டியும் ஆணிவேர் பாதியில் அறுந்துதான் வந்தது. ஒப்பீடு நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். கீரை விழுந்த இடத்திலேயே முளைத்து நேராக இறங்கியது. தக்காளி நாற்றாகப் பிடுங்கி நட்டது. ஆணிவேர் முனை அன்றே போயிருக்கும். இருந்தாலும் ஒரு களை என்னைப் பார்த்துச் சிரிப்பதை எப்படிச் சகிப்பது?

அதற்கப்புறம் இரண்டு வேலை செய்தேன். தினமும் கொஞ்சமாக விடுவதை நிறுத்தி, இடைவெளி விட்டு நீண்ட நேரம் விடுகிறேன். ஈரம் ஆழமாக இறங்கினால் வேரும் தொடரும். மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் ஒல்லியாகக் கீழே ஓடிவிடும், அங்கே சொட்டுவான்களை நெருக்கித்தான் வைக்க வேண்டும். என்னுடையது களிமண், அந்தக் கவலையில்லை. இரண்டாவது, வரிசையின் மறுபக்கமும் ஒரு குழாய் ஓட்டி, இரண்டையும் மாற்றி மாற்றித் திறக்கிறேன். காயும் பக்கத்து வேர்கள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் வழியாக இலைக்குச் சேதி அனுப்ப, இலைத்துளைகள் கொஞ்சம் மூடிக்கொள்ளும். நனைந்த பக்கம் செடிக்குக் குடிக்கக் கொடுக்கும். ஒரே பக்கத்தை ரொம்ப நாள் காயப்போட்டால் சேதி மங்கிவிடும், அதனால்தான் மாற்ற வேண்டும். திராட்சைத் தோட்டங்களில் தெரிந்தே செய்கிற வித்தை இது. என் செடிகள் சொல்வதைக் கேட்கின்றனவா என்று பார்க்க ஒரு பருவமாவது ஆகும்.

நண்பருக்கு "வேண்டாம், வாய்க்காலிலேயே விடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். அப்புறம் அடைத்த சொட்டுவானைக் கழற்றினேன். உள்ளே உப்புதான், வெள்ளையாக, நகத்தால் சுரண்ட வந்தது. புதியது ஒன்றைக் குத்திவிட்டேன். தக்காளி சாயங்காலத்துக்குள் எழுந்துவிட்டது. நண்பர் இன்னும் பதில் போடவில்லை.