ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா: இரண்டு வருட மழைக்குப் பிறகு

சென்னையை விட்டு ஊரோடு வந்துவிடுவது என்று முடிவானபோது எங்கள் முன்னால் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, நாகர்கோவில் பார்வதிபுரத்தைத் தாண்டி 5 சென்டில் புதிதாகக் கட்டி விற்பனைக்கு நின்ற கான்கிரீட் வீடு. மூன்று படுக்கையறை, கார் நிறுத்த இடம், வாசற்படியில் கிரானைட். மற்றது, தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில், 32 சென்ட் விளையின் (மரத்தோட்டத்தின்) நடுவே, மனைவியின் பெரியம்மா வழியில் வந்த பழைய ஓட்டு வீடு. எட்டு அறை, நடுவில் அங்கணம் (முற்றம்), பத்து வருடத்துக்கு மேல் பூட்டு. எடுத்தது இரண்டாவதை. இப்போது யார் கேட்டாலும் நான் அதன் பக்கம்தான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாவற்றிலும் பார்வதிபுரம் வீடுதான் மேல். பங்குனி மத்தியானத்தில் மின்விசிறி இல்லாமல் தூங்குவதென்றால் ஓட்டு வீடு. நிலைப்படியில் தலை இடிக்கும். முதல் மாதத்தில் எனக்கு நான்கு முறை. சென்னையில் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் அடுக்களை வாசலில் நுழையாமல் இன்றைக்கும் கூடத்தில் நிற்கிறது. வைஃபை இரண்டு சுவரைத் தாண்டாது. எட்டு அறை என்று பெருமையாகச் சொன்னாலும் நாங்கள் நாலு பேரும் புழங்குவது மூன்றில்தான், மீதி ஐந்து பெருக்குவதற்கு.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது கூரை.

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை, பிறகு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. மதுரைப் பக்கத்துக் கூரை பெரும்பாலும் ஒரு பருவத்தில் நனையும். எங்கள் கூரை இரண்டு பருவத்திலும், இரண்டு திசையிலிருந்தும் நனையும். மரம் காய்ந்து, ஆள் ஏறி வேலை பார்க்கத் தை முதல் சித்திரை வரைதான் தோது. அந்த நாலு மாதத்தில் நாலு ஊருக்கும் ஓட்டு வேலை தெரிந்த ஆசாரி ஒருவர்தான் இருப்பார்.

எங்களுக்கு வாய்த்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஏணியில் ஏறி, வெட்டுகத்திப் பிடியால், கூரையைத் தாங்குகிற ஒவ்வொரு கழுக்கோலையும் தட்டிக்கொண்டே போனார். இறங்கி வந்து சொன்னார்: "மக்களே, கழுக்கோலு எல்லாம் அயினி மரமாக்கும், ஒண்ணும் செய்யாது. வடக்குப் பக்கம் மட்டும் போச்சு. அது மழை செஞ்ச வேலை இல்ல, ஆளு இல்லாம போனதுனால."

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்று வடக்குச் சரிவில் முப்பது நாற்பது ஓடு பறந்திருக்கிறது. வீடோ பூட்டிக் கிடந்தது, ஏறிப் போட ஆளில்லை. ஓடு போன இடத்தில், ஓட்டைத் தாங்குகிற மரச்சட்டமான பட்டியல் நனைந்தது. நனைந்த மரத்தைத் தேடிச் சுவர் வழியாகச் செதல் (கறையான்) ஏறியது. பட்டியலைத் தின்று முடித்துக் கழுக்கோலுக்குப் போனது. காற்று எடுத்த நாற்பது ஓட்டுக்கு, வருடக் கணக்கில் கவனிக்காமல் விட்டதில் பதினொரு கழுக்கோல் போயிருக்கிறது. அன்றைக்கே யாராவது ஏறியிருந்தால் அரை நாள் வேலை.

ஓடு வாங்குவதும் லேசில்லை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுக்கப் பல கம்பெனிகள் ஓடு சுட்டன. ஆளுக்கொரு அச்சு. ஒரு கம்பெனி ஓட்டின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாக உட்காராது. உட்காராத இடத்தில் சாய்ந்தடிக்கும் மழை உள்ளே வரும். நூறு சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு வேண்டும். முதல் தடவை நான் அளவை மட்டும் பார்த்து 200 புது ஓடு வாங்கி வந்தேன். ஆசாரி ஒன்றைப் பழைய ஓட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மாட்டுத் தொழுவத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். மாடு இல்லை. இப்போது அடிப்பக்க முத்திரையைப் பார்த்து, இடிக்கிற வீடுகளிலிருந்துதான் வாங்குகிறேன்.

சுவரிலும் அப்படி ஒரு அனுபவம். அடியில் பூச்சு உதிர்ந்த இடத்தில் அவசரப்பட்டு சிமென்ட் பூசினேன். மண்ணும் சுண்ணாம்புமான சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டபடி இருக்கும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆடி மாதம் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. திரும்பச் சுண்ணாம்புதான் பூசினோம். கடுக்காய் ஊறவைத்து, கருப்பட்டி கரைத்த தண்ணீரில் குழைத்த கலவை. அது உலர்கிற வேகத்துக்கு மனிதனுக்குப் பொறுமை வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஓட்டு வீடு என்றால், கான்கிரீட்டுக்கும் பராமரிப்பு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். மைத்துனன் வீட்டுக்கு வயது பன்னிரண்டு. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும், சரிவு சரியாக விடவில்லை. அந்த ஈரம் மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் அதை மூடிய கான்கிரீட் வெடிக்கும். பன்னிரண்டு வருடம் ஒரு ரூபாய் செலவில்லை என்று பெருமைப்பட்டவன் படுக்கையறையில் ஒரு சில்லு மேலிருந்து விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். இப்போது மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகர ஷீட் போட்டிருக்கிறான். நாகர்கோவிலில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் சுற்றிலும் அந்த ஷீட்டுகளைப் பார்க்கலாம். கான்கிரீட்டைக் காக்க இன்னொரு கூரை! ஓடு ஒழுகினால் அன்றைக்கே தலையில் சொட்டும். எந்த ஓடு என்று தெரியும், அதை மட்டும் மாற்றலாம்.

ஆனால் பெருங்காற்றுக்குக் கான்கிரீட்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்த்தது இரண்டு வருட மழைதான், ஒக்கி மாதிரி ஒன்றை இந்தக் கூரைக்கு அடியில் இருந்து பார்த்ததில்லை. பார்த்தபின் இதே பேச்சுப் பேசுவேனா என்பது வேறு.

விற்கிறபோதும் ஓட்டு வீடு தோற்கும். விலை பேச வந்த ஒரு தரகர் சென்டுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு என்று சொன்னார். வீட்டுக்கு என்று ஒரு ரூபாய்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் விற்கத்தான் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் பார்வதிபுரத்தையே பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் வளைகுடாவில் இருந்துவிட்டு லீவுக்கு வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். "பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நானூறு வருடமாக ஓட்டுக் கூரையோடு நிற்கவில்லையா?" என்று என் மாமனார் கேட்பார். நிற்கிறது. அதன் கூரையில் ஏற கேரள அரசு ஆள் வைத்திருக்கிறது.

இந்தப் பங்குனியில் மேற்குச் சரிவைப் பிரித்து மேய வேண்டும். இரணியல் பக்கம் இடித்த ஒரு வீட்டில் எங்கள் முத்திரை ஓடே 300 கிடைத்துப் பலாமரத்தடியில் அடுக்கியிருக்கிறேன். ஆசாரி வருகிறேன் என்றிருக்கிறார், ஆனால் ஏணியில் ஏற இனி மகன்தான் என்கிறார். மகனுக்கு ஓடு மேயத் தெரியுமா என்று கேட்டேன். "படிக்கட்டும்" என்றார். அதுவரைக்கும் தெற்கு அறையில் ஒரு வாளி இருக்கிறது.