லாக் ஜீன்கள்: தடுக்கும் புரதமும் தூண்டும் புரதமும்

ஈ.கோலை பாக்டீரியாவில் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் ஜீன்களை (லாக் ஜீன்கள்) இரண்டு புரதங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று லாக் ரெப்ரஸர், 1961-இல் ஜேக்கப், மோனோ என்ற விஞ்ஞானிகள் விளக்கிய தடுப்பான். அதன் நான்கு துணை அலகுகள் சேர்ந்து டிஎன்ஏவில் இரண்டு இடங்களைப் பிடித்து வளையமாக்கிவிடும்; படியெடுப்பு, அதாவது ஜீனிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது, நின்றுபோகும். லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் ரெப்ரஸரில் ஒட்டிக்கொள்ளும், பிடி தளரும்.

சரி, தடை விலகினால் போதுமா? போதாது. இந்த ஜீன்களின் புரோமோட்டர், அதாவது படியெடுப்பு தொடங்கும் டிஎன்ஏ பகுதி, பலவீனமானது. அங்கேதான் இரண்டாவதான கேப் புரதம் தேவைப்படுகிறது. குளுக்கோஸ் குறைந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடும்போது கேப் டிஎன்ஏவில் அமர்ந்து, படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸின் ஆல்ஃபா அலகை நேரடியாகத் தொட்டு நிலைநிறுத்துகிறது. எனக்கு அதிகம் பிடித்தது கேப்தான்: புரதம் புரதத்தைத் தொடுகிற அந்த ஒரு சிறு இடத்தால் படியெடுப்பு பல மடங்கு கூடுகிறது. நம் செல்களிலும் தூண்டும் புரதங்கள் பல, மீடியேட்டர் என்ற புரதத் தொகுதியைத் தொட்டுத்தான் பாலிமரேஸை வரவழைக்கின்றன.