சங்க உறுப்பினர்களைச் சமூக ஊடகத்தில் இணைத்து வைத்திருப்பது: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

இயன்முறை மருத்துவர்கள் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். உறுப்பினர்களைத் தொடர்பில் வைத்திருக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம், லிங்க்ட்இன், இடையில் கொஞ்ச காலம் ஸ்லாக் (அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலி) என்று எல்லாவற்றையும் நடத்திப் பார்த்தாகிவிட்டது. மற்ற சங்கங்களில் இருப்பவர்கள் எது நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இவை அருமையான கருவிகள், ஆனால் சங்கத்தின் பதிவேடாக இவற்றில் எதையும் நம்பக் கூடாது.

அதிகம் பயன்பட்டது வாட்ஸ்அப்தான். எல்லோரும் அதை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், புதிதாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டியதில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யாரும் வரமாட்டார்கள். தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகியும் நோயாளியால் கையை முழுதாகத் தூக்க முடியவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று தனியாக கிளினிக் நடத்தும் ஒரு உறுப்பினர் காலையில் கேட்டால், பெரிய மருத்துவமனையில் தினமும் அதையே பார்க்கிற ஒரு மூத்தவர் மதியத்துக்குள் பதில் எழுதிவிடுகிறார். வருடத்துக்கு ஒருமுறை மாநாட்டில் மட்டும் சந்தித்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தனியாகத் தொழில் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஒரு பலனுக்காகவே மற்ற எல்லாத் தொல்லைகளையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

தொல்லைகளும் உண்டு. 2022 வரை ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதனால் இரண்டு மூன்று குழுக்கள் நடத்தி, ஒரே செய்தியை எல்லாவற்றிலும் போட வேண்டியிருந்தது, ஒரு குழுவில் வந்த நல்ல பதில் அடுத்த குழுவுக்குத் தெரியாது. அந்த வருடம் வரம்பு முதலில் 512 ஆகி, பிறகு 1024 ஆனது. அதைவிடப் பெரிய மாற்றம், அதே 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதி. அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம், அதன் கீழே தனித்தனிக் குழுக்கள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பெல்லாம் சந்தா புதுப்பிக்கக் கடைசித் தேதி, பயிற்சி வகுப்பு அறிவிப்பு, காலை வணக்கம் படம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். ஒருவர் வாழ்த்தினால் வரிசையாக எல்லோரும் வாழ்த்துவார்கள், அறிவிப்பு எங்கோ மேலே போய்விடும், பாதிப் பேர் மியூட் செய்துவிடுவார்கள், அப்புறம் பொதுக்குழுவில் எழுந்து "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாழ்த்துகளைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நெருக்கம் இருப்பதால்தான் இரவு பத்து மணிக்கும் ஒருவர் இன்னொருவரின் சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிறார். அரட்டைக்கென்று தனிக் குழு தொடங்கிக் கொடுத்தோம், அது இன்றும் களைகட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தொலைபேசி எண் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் உறுப்பினர்கள் சிலர் குழுவில் சேரத் தயங்கியதற்கு அதுதான் காரணம். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்படுவதில்லை என்பதால், அதில் மட்டும் இருந்துகொள்ளும் வழி அவர்களுக்குக் கிடைத்தது.

வசதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் டெலிகிராம்தான் மேல். குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், 2 ஜிபி அளவுள்ள கோப்பையும் அனுப்பலாம், அட்மின் அனுமதித்தால் புதிதாகச் சேர்பவர் பழைய பேச்சு முழுவதையும் படிக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் அதைத் திறப்பதில்லை. பயிற்சி வீடியோக்களை வைக்கும் நூலகமாக மட்டும் வைத்திருக்கிறோம். அதன் குழு உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (பேசிக்கொள்பவர்களைத் தவிர வேறு யாரும், செயலியை நடத்தும் நிறுவனமும்கூட, படிக்க முடியாதபடி செய்வது) கிடையாது என்பதால் நோயாளி சம்பந்தப்பட்ட பேச்சு அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஃபேஸ்புக் குழுவில் எனக்குப் பிடித்தது, சேரும்போதே கேள்வி கேட்கும் வசதி. பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து உள்ளே விடலாம். ஆனால் யாருக்கு எந்தப் பதிவு எப்போது தெரியும் என்பதை அதன் அல்காரிதம் தீர்மானிக்கிறது, தேதி சார்ந்த அறிவிப்புக்கு அது ஒத்துவராது. வேலைவாய்ப்புச் செய்திக்கும் வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் லிங்க்ட்இன் நல்லது, உரையாடல் அங்கே நடக்காது. ஸ்லாக் ஒழுங்கானது, ஆனால் இலவசத் திட்டத்தில் 2022 முதல் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும், ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டணம் கட்டச் சந்தாவில் ஓடும் சங்கத்தால் முடியாது.

யாரும் பேசுவதே இல்லை என்று கவலைப்படும் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: இணையக் குழுக்களில் பெரும்பாலும் 90 சதவீதம் பேர் வெறுமனே படிப்பார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம் பேர்தான் எழுதிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் குழுவும் ஏறக்குறைய அப்படித்தான். "கருத்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. விஷயம் தெரிந்தவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டு, "சார், இந்தக் கேள்விக்கு நீங்கள் ரெண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும்" என்று கேட்டால் பத்து வரி எழுதுவார்.

இரண்டு விதிகளில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, நோயாளியின் சம்மதம் இல்லாமல் படமோ வீடியோவோ கூடாது, எக்ஸ்ரே போட்டால் மூலையில் இருக்கும் பெயரும் தேதியும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். குழுவில் வரும் படம் பலருடைய போன் கேலரியில் தானாகவே சேமிக்கப்பட்டு, அங்கிருந்து குடும்பத்தினர் பார்க்கும் இடத்துக்கும் போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இன்னொன்று கட்டணம். இதற்குக் குறைந்து யாரும் வாங்கக் கூடாது என்று ஒரே தொழிலில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொள்வது பல நாடுகளில் போட்டிச் சட்டத்தின்படி குற்றம், அதைச் சங்கத்தின் குழுவில் பேசினால் எழுத்துபூர்வமான சாட்சியாகவே ஆகிவிடும். அப்படிப்பட்ட செய்திகளை அட்மின் உடனே நீக்கிவிட்டு, எழுதியவரிடம் தனியாகக் காரணத்தைச் சொல்கிறோம்.

பதிவேடு விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தளங்கள் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு காலத்தில் பலர் பயன்படுத்திய ஆர்குட் என்ற சமூக ஊடகம் 2014-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாஹூ குரூப்ஸ் 2019 டிசம்பரில் பழைய பதிவுகளை அழித்து, அடுத்த டிசம்பரில் முழுதாக மூடப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அதனால் உறுப்பினர் பட்டியல், மின்னஞ்சல் முகவரியோடு, எங்கள் சொந்தக் கோப்பில் இருக்கிறது. முக்கியமான சுற்றறிக்கை எதுவானாலும் மின்னஞ்சலிலும் போகும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு, கூட்டத்துக்கு எந்த ஞாயிறு வசதி என்று கேட்க மட்டும்தான், தீர்மானமும் தேர்தலும் கூட்டத்தில்தான். அட்மின் பொறுப்பில் எப்போதும் மூன்று பேராவது இருப்பார்கள், நிர்வாகிகள் மாறும்போது கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பது போலவே அதையும் பெயர் எழுதி ஒப்படைக்கிறோம்.

குழுவில் வரும் நல்ல கேள்வி பதில்களை, எழுதியவரின் அனுமதியோடு, மூட்டு, முதுகுத்தண்டு, பக்கவாதம், குழந்தைகள் என்று தலைப்பு வாரியாக ஒரு பொது ஆவணத்தில் சேர்க்க இளம் உறுப்பினர்கள் இரண்டு பேர் மாதாமாதம் உட்காருகிறார்கள். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்பேன். புதிதாகச் சேர்பவருக்கு இப்போது முதலில் அந்த ஆவணத்தின் லிங்க்தான் போகிறது, குழுவின் லிங்க் அதற்கு அடுத்துத்தான்.