டர்போ மாற்றி இரண்டு வருடத்துக்குப் பிறகு: கோலாலம்பூர் நெரிசலும் கெந்திங் ஏற்றமும்

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.6 லிட்டர் டர்போ கார். டர்போ என்பது புகை வாயுவின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் காலையில் நீலப் புகை, ஆக்சிலேட்டரை மிதித்தால் சைரன் மாதிரி ஊளை. காராக் நெடுஞ்சாலையில் ஏற்றம் வந்தாலே லாரிக்குப் பின்னால் ஒதுங்க வேண்டிய நிலை.

செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தை விரலால் அசைத்துக் காட்டினார். பக்கவாட்டில் நன்றாகவே ஆடியது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைச் சாய்த்ததும் ஆயில் ஒழுகியது. நல்லவேளை, சக்கரம் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) இன்னும் உரசவில்லை. அதனால் கார்ட்ரிட்ஜ் (தண்டு, பேரிங், சக்கரங்கள் சேர்ந்த நடுப்பாகம்) மட்டும் மாற்றினால் போதும் என்றார். முழு டர்போ விலையில் பாதிகூட ஆகவில்லை. பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையிலும் டர்போ கிடைக்கும். ஆனால் அது முன்பு எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

“ஏன் போச்சுன்னு பார்க்காம புதுசு போட்டா, அதுவும் போயிரும் தம்பி” என்று சொல்லி, டர்போவுக்கு ஆயில் போகும் சின்னக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கரி படிந்து துளை பாதியாகச் சுருங்கியிருந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் வரத்து குறைந்தால் பேரிங் தேயாமல் என்ன செய்யும்! குழாயைப் புதிதாக மாற்றி, இன்டர்கூலரைக் கழுவி, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மாற்றினார். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை இன்ஜினைச் சுற்றவிட்டார். எந்தப் பட்டறையில் டர்போ விலை கேட்டாலும், ஆயில் குழாயும் சேர்த்தா என்று கேளுங்கள். “அது தேவையில்லை” என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

இப்போது புகை இல்லை, ஊளையும் இல்லை. கெந்திங் மலையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போனாலும் மூச்சு வாங்குவதில்லை. பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குறைந்த சுற்றில் வேகம் பிடிக்க ஆகும் அந்த ஒரு நொடித் தாமதம் முன்பு போலவேதான். அது இந்த இன்ஜினின் சுபாவம்.

ஆயில் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். 5W-40 முழு சிந்தெடிக், 10,000 கிலோமீட்டர்வரை காத்திருக்காமல் 7,000-லேயே மாற்றிவிடுகிறேன். கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை நெரிசலில் இன்ஜின் ஓடும் நேரம் கிலோமீட்டர் கணக்கில் வராதே! மலை ஏறி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைப்பேன். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், தேங்கியது கருகிக் கரியாகிவிடும். நகருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் அது தேவையில்லை.

சமீபத்தில் காலை ஸ்டார்ட்டில் லேசான கடகட சத்தம் கேட்கிறது. டர்போவுக்குப் போகும் புகை வாயுவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவும், அதைத் தண்டால் அசைக்கும் ஆக்சுவேட்டரும் பழையவைதான், கார்ட்ரிட்ஜோடு அவை மாறவில்லை. அடுத்த சர்வீஸில் அந்த ஆக்சுவேட்டர் தண்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.