டிக்கிக்குள் ஒரு பேட்டரி

கொழும்பில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உன்னுடையது மாதிரியே பழைய மாடல். வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஆறு வருடமாக ஹட்டனில் வைத்து ஓட்டுகிறேன். மஸ்டா 1989இல் ஜப்பானில் இறக்கிய, கூரை திறக்கும் இரண்டு சீட்டுக் கார், 1600 சிசி. எடை ஒரு டன்னைத் தொடாது. தலவாக்கலை தாண்டி நானுஓயா பக்கம் ஏறும் வளைவுகளில் இரண்டாம் கியரில் அது போகிற போக்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது பேட்டரியைப் பற்றி.

இந்த வண்டியில் பேட்டரி பானட்டுக்குக் கீழே இல்லை. டிக்கிக்குள், வலது மூலையில் இருக்கிறது. முன்பாரமும் பின்பாரமும் சமமாக இருக்க வேண்டும் என்று அங்கே வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு கசியும். மூடிய டிக்கிக்குள் அது தேங்கக்கூடாது என்பதால் அசல் பேட்டரி சீல் வைத்த வகை, வாயு வெளியே போகத் தனிக் குழாய்களும் உண்டு. எனக்கு முன் வைத்திருந்தவர் அந்தக் குழாய்களை எங்கே போட்டாரோ தெரியாது. டவுனில் கேட்டால் "என்.எஸ். 60 சைஸ் பேட்டரி போடுங்க சேர், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்று இல்லை. பேட்டரி முனையில் வயரைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் இந்த வண்டியில் மெல்லிய முனைக்கானது. அவர்கள் தந்தது தடித்த முனை. கடைப் பையன் ஸ்குரூடிரைவரை விட்டு கிளாம்பை நெம்பினான். அதில் விரிசல் விழுந்தது.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஆட்டம் தொடங்கியது. பதினான்கு மாதத்தில் மூன்று பேட்டரி. ஞாயிறு ஓட்டி நிறுத்தினால் அடுத்த ஞாயிறு 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான். ஒரு தடவை சென் கிளையர் அருவியைப் பார்க்கும் இடத்தில், பனிமூட்டத்தில் லைட் போட்டேன். இதன் முன்விளக்குகள் பானட்டுக்குள்ளிருந்து மேலே எழும்பும் வகை. ஒரு கண் முழுதாக எழும்பியது, மற்றது பாதியில் நின்றுவிட்டது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டுத்தான் தள்ளிவிட்டார்கள். மலைநாட்டில் ஒரு வசதி, சரிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேட்டரி அடியோடு செத்துவிட்டால் சரிவும் உதவாது. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டுமே.

கடைக்காரரோடு நான் போட்ட சண்டைக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. முதல் பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தந்தார். இரண்டாவதைச் சார்ஜ் ஏற்றி லோட் டெஸ்டரில் போட்டுக் காட்டி, "பேட்டரி நல்லம்" என்றார். நான் நம்பவில்லை, மூன்றாவதைக் காசு கொடுத்தே வாங்கினேன். ஆனாலும் கேட்கிறேன்: நல்ல பேட்டரி ஏன் இறங்குகிறது என்று அந்த மனுஷன் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாமே?

யோசித்தவர் கொட்டகலைப் பக்கம் இருக்கும் வயதான வயரிங் பாஸ் ஒருவர், வண்டிகளின் மின்வேலை செய்பவர். எல்லாவற்றையும் ஓஃப் பண்ணிவிட்டு, பேட்டரி வயரின் நடுவில் மீட்டரை வைத்தார். 0.35 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திய வண்டியில் 0.05க்கு மேல் போகக்கூடாது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ரேடியோவையும் கழற்றினார், முள் அசையவில்லை. கடைசியில், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற அல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றியதும் சட்டென்று இறங்கியது. "தம்பி, பேட்டரியைக் குத்தம் சொல்லாதீங்க. திருடன் முன்னால இருக்கான்" என்றார்.

அல்டர்னேட்டருக்குள், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டையோடு ஒன்று கசிகிறது. முந்தைய சொந்தக்காரர் எங்கோ திருத்திப் போட்ட அல்டர்னேட்டர் அது. ஒரு நாளில் 8.4 அம்பியர் மணி போனால், 45 அம்பியர் மணி கொள்ளளவு பேட்டரி ஐந்து நாளில் காலி. அதே டையோடால் ஓடும்போதும் சார்ஜ் குறைவு. லைட், வைப்பர், புளோவர் எல்லாம் போட்டு லொறிக்குப் பின்னால் ஊர்ந்தால் 12.9 வோல்ட், 14க்கு மேல் காட்ட வேண்டிய இடம். டேஷ்போர்ட் சார்ஜ் விளக்கோ ஒரு நாளும் எரியவில்லை. சார்ஜ் அடியோடு நின்றால்தான் அது எரியுமாம்; குறைந்தால் வாயைத் திறக்காது. அந்தச் சின்ன விளக்கின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் போகவில்லை.

டையோடு மாற்றி ஏழு மாதம் ஆகிறது. இப்போது நிறுத்தி வைத்தால் 12.6, ஓடினால் 14.2. பத்து நாள் கழித்துச் சாவியைத் திருப்பினாலும் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. கூரையைத் திறந்துவிட்டு அதிகாலையில் டெவோன் வளைவில் திரும்பும்போது, இவ்வளவு நாளும் இந்த வண்டியைத் திட்டியது நானா என்று தோன்றும்.

ஆனாலும் நண்பனுக்கு எழுதினேன்: "வாங்காதே. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை வைத்திருந்ததில் பழைய வண்டிக்கெல்லாம் தலைகால் தெரியாமல் விலை ஏறிவிட்டது. உனக்குப் பொறுமையும் கிடையாது." அனுப்பிவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தேன்: "பார்க்கப் போனால் டிக்கியைத் திறந்து அந்தக் குழாய்கள் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, குழாய்களை மட்டும் விற்பாரா என்றும் கேள்."