மெக்சிகோவுக்குக் கடத்தப்படும் துப்பாக்கி: எல்லையில் தடுப்பதா, கடையிலேயே தடுப்பதா?

மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்க ராணுவம் நடத்தும் கடைக்குத்தான் போகவேண்டும். ஆனால் அங்கே பிடிபட்டு, எங்கே விற்கப்பட்டவை என்று தடம் தேடப்படும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. இதைத் தடுக்க இரண்டு வழிகள்: எல்லையில் சோதனை, அல்லது அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு.

செலவு
எல்லை: 3,100 கிலோமீட்டருக்கு மேல் ஆளும் கருவியும் வேண்டும்.
கடை: பெரும்பாலும் காகித வேலை.

பலன்
எல்லை: சிறிது சிறிதாகக் கடத்துவதால் பிடிப்பது கடினம்.
கடை: 2004-ல் அமெரிக்காவில் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளை (ராணுவப் பாணியிலானவை) விற்பதற்கு இருந்த தடை காலாவதியானது. எல்லை மாநிலங்களில் கலிஃபோர்னியா மட்டும் தன் தடையை விடவில்லை. அப்புறம், கலிஃபோர்னியாவை ஒட்டிய மெக்சிகோ ஊர்களைவிட டெக்சாஸ், அரிசோனாவை ஒட்டிய ஊர்களில்தான் கொலைகள் அதிகம் கூடின.

எளிமை
எல்லை: நாளைக்கே சோதனையைக் கூட்டலாம்.
கடை: அமெரிக்க நாடாளுமன்றம் மனம் வைக்கவேண்டும், லேசில் நடக்காது.

உடனடித் தேவைக்கு எல்லைச் சோதனை சரி. கொலைகள் நிரந்தரமாகக் குறையவேண்டுமென்றால் கடைச் சட்டம்தான்.